படுக்கத் தெரியாத ராஜா

எங்கள் வீட்டுத் தஞ்சாவூர் ராஜாவிடம் ஒரு பெரிய குறை இருந்தது. அவருக்குச் சாகத் தெரியாது. எதிரிப் படை மொத்தமும் மேலே விழுந்து வெட்டினாலும், இப்படி அப்படி நாலு ஆட்டம் ஆடிவிட்டு, மீசைகூடக் கலையாமல் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். இதற்கு வீரம் காரணமில்லை, பின்புறம்தான். தேங்காய் மூடிபோல் உருண்ட அடிப்பாகம், அதற்குள் களிமண் கனம். மேலே இருக்கிற தொப்பை, மார்பு, கிரீடம் எல்லாம் காகிதக்கூழில் செய்த வெறும் கூடு. கனமெல்லாம் கீழே கிடப்பதால் எந்தப் பக்கம் தள்ளினாலும் பழைய இடத்துக்கே வந்தாக வேண்டும். 2008-09இல் இந்தப் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். ஜப்பானில் இதே வேலையைத் தாருமா என்கிற பொம்மை செய்கிறது. ரஷ்யாவில் நெவாலியாஷ்கா என்று ஒருத்தி இருக்கிறாள். அவளை 1950களில் செய்து கொடுத்தது ஒரு வெடிமருந்து ஆலையாம். சாகாத பொம்மையைச் செய்ய யாருக்குக் கை வந்திருக்கிறது, பாருங்கள்.

ஆடி அமாவாசைக்கு ஆதி சேதுவில் கடலாட வருகிற கூட்டத்தை நம்பிக் கோடியக்கரையில் கடை போடுவார்கள். ஈர வேட்டியும் எள்ளுமாகப் பெரியவர்கள் பித்ருக்களைக் கவனிக்க, நானும் அக்காவும் பொம்மைக் கடையைக் கவனிப்போம். ராஜா ராணி ஜோடியாகத்தான் வந்தார்கள். ராணி முதல் வாரமே அப்பாயியின் காலில் மிதிபட்டுப் போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து ராஜா தனிக்கட்டை.

கதை கட்டுவது நாங்கள்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் கட்டியது பொம்மைகளின் உடல்வாகு. ராஜாவைப் படுக்க வைக்க முடியாது. அதனால் ‘ஆஸ்பத்திரி விளையாட்டில்’ அவருக்கு இடமே இல்லை. அப்பாயி புகுந்த வீட்டுக்கு வரும்போது கொண்டுவந்த செம்மர மரப்பாச்சிக்கு உட்கார வராது, கையைத் தூக்கவும் வராது. குழந்தைகளுக்கு மருந்து என்று கல்லில் உரசி உரசிக் கால் வேறு தேய்ந்துபோயிருந்தது. பாவம், பிறவி நோயாளி. அடுத்த தெருப் பெண்ணிடம் படுக்க வைத்தால் கண்ணை மூடுகிற பிளாஸ்டிக் பொம்மை ஒன்று இருந்தது. அதுவும் நோயாளிதான், ஆனால் பணக்கார நோயாளி. சம்மணம் போட்ட களிமண் செட்டியாரும் செட்டிச்சியும் எந்தக் கதையிலும் கடையை விட்டு எழுந்ததில்லை.

நடனக்காரியின் பாடு தனி. தலை, இடுப்பு, பாவாடை என்று தனித்தனித் துண்டுகள், கம்பியில் தொங்கிக்கொண்டு ஆடும். பொன்னியின் செல்வனைப் படித்துவிட்டு வருகிற சிலர் பூங்குழலி வீடு எங்கே என்று எங்கள் ஊரில் விசாரிப்பதுண்டு. நாங்களும் இவளுக்குப் பூங்குழலி என்றே பெயர் வைத்தோம். ராஜா கல்யாணம் பேசினால் தலையை ஆட்டுவாள். சம்மதமா மறுப்பா என்று தெரியாமல் அந்தக் காதல் இழுத்துக்கொண்டே போனது. ஆனால் கோடியக்கரைக் காற்றில் உப்பு உண்டு. கழுத்துக் கம்பியில் முதலில் செம்புள்ளி, அப்புறம் பொருக்கு, மழைக்காலத்தில் காகிதக்கூழும் ஊதிப்போய்ப் பிடித்துக்கொண்டது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தோம். எறும்புதான் வந்தது. தலை ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுவிட, அதையே பதிலாக எடுத்துக்கொண்டு ராஜாவின் காதலை முடித்துவைத்தோம்.

எங்கள் பெரிய நாடகம் உப்புச் சத்தியாகிரகம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி நூறு பேர் போலத் திரட்டிக்கொண்டு திருச்சியிலிருந்து நடந்து, வேதாரண்யம் வந்து, ஏப்ரல் 30 அன்று அகஸ்தியன்பள்ளியில் உப்பு அள்ளிய கதை எங்கள் பக்கத்துத் தாத்தாக்களுக்கு மனப்பாடம். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுத் தங்கள் பாட்டுக்குப் போனார்கள். இந்தக் காட்சிக்காகவே முருங்கைக் கிளையை ஒடித்து நாங்கள் வாங்கிய அடிக்குத் தியாகி பென்ஷன் கிடையாது.

கிரீடம் இருந்ததால் ராஜாதான் கலெக்டர். மரப்பாச்சி தொண்டர். எவ்வளவு தள்ளினாலும் கலெக்டர் எழுந்து உட்கார்ந்துவிட, வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போகிற வழியாகத் தெரியவில்லை. திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தாத்தாவுக்குப் பொறுக்கவில்லை.

“டேய், அடி வாங்கி அடி வாங்கி எந்திரிக்கிறவன் கலெக்டர் இல்லடா, தொண்டன். வேஷத்த மாத்து.”

மாற்றினோம். கிரீடத்தின் மேல் காந்தி குல்லா நிற்கவில்லை. ஆனால் விறைத்த உடம்பும் வளையாத கையுமாக மரப்பாச்சி அசல் துரையாகவே இருந்தது.

இந்தக் கூட்டத்தில் இன்று யாரும் இல்லை. அக்கா பேத்தியிடம் பார்பி இருக்கிறாள். 1959இல் பிறந்தவள், அன்றிலிருந்து வயதே ஏறவில்லை. முட்டி மடங்குகிறது, இடுப்பு திரும்புகிறது, கை எந்தப் பக்கமும் போகிறது. சொன்னதற்கெல்லாம் வளைகிற ஆளை வைத்துக்கொண்டு என்ன கதை சொல்வது? மந்திரி வேலைக்கு வேண்டுமானால் ஆகும். ஆனால் பிடிக்காமல் நிறுத்தினால் நிற்கமாட்டாள்.

அதனால் தஞ்சாவூர் போனபோது பெரிய கோயில் பக்கத்துக் கடையில் ஒரு ராஜா வாங்கிவந்தேன். மீசை இருந்தது, கிரீடம் இருந்தது. உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக். கனம் என்று பேருக்குத்தான் உள்ளே என்னவோ வைத்திருந்தார்கள். பேத்தி ஒரு விரலால் தட்டினாள். ராஜா மல்லாந்து விழுந்து, அப்படியே கிடந்தார்.

“செத்துட்டாரு, சின்னத் தாத்தா.”

“அவரெல்லாம் சாக மாட்டாரும்மா.”

“அப்ப ஏன் எந்திரிக்கல?”

இத்தனை வருஷத்தில் ராஜாவின் மானத்தைக் காக்கிற பொறுப்பு என் தலையில் விழும் என்று நினைக்கவில்லை. அடியில் ஓட்டை போட்டு, கடற்கரை மணலை அள்ளித் திணித்து மெழுகால் அடைத்தேன். அக்கா சமையல்கட்டிலிருந்தே “களிமண்ணுல்ல வைக்கணும்” என்றாள். நான் காதில் வாங்கவில்லை. தட்டினால் ராஜா எழுந்தார். ஆனால் உள்ளே மணல் ஒரு பக்கமாகச் சரிந்துகொள்ள, சாய்ந்தபடியே நின்றார்.

பேத்தி குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். சிவந்த கண், முறுக்கிய மீசை. உடனே பூங்குழலி இடத்தில் பார்பியைச் சுவரோரம் சாத்தி வைத்து, அவள் குரலில் ஆரம்பித்தாள்: “இன்னைக்கும் டாஸ்மாக் போயிட்டு வர்றீங்களா?”