சிட்டி நமக்கு என்ன முறை?

பேய்ப் படம் பார்த்துவிட்டு வருகிற யாரும், ‘பேய்க்குத்தான் கால் கிடையாதே, கொலுசை எதில் மாட்டியிருந்தது?’ என்று கேட்பதில்லை. அம்மன் படத்தில் சூலம் பறந்து வந்தால் அதன் திசைவேகத்தைக் கணக்குப் பார்ப்பவரும் இல்லை. திரையில் ஒரு டைம் மெஷின் வந்துவிட்டால் மட்டும் கதை வேறு. பத்தாம் வகுப்பு அறிவியலில் முப்பத்தைந்து மார்க்குக்கு முக்கி முனகியவர்கூட அன்றைக்கு ஐன்ஸ்டீனுக்குப் பங்காளி ஆகிவிடுவார். புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு டீ ஆறுகிற நேரத்துக்குள் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். ‘லாஜிக்கே இல்லப்பா’ என்பது ஒரு கட்சி. ‘லாஜிக்கை விடுப்பா, கடைசி சீன்ல தொண்டை அடைச்சிருச்சு’ என்பது இன்னொன்று. ‘கிராபிக்ஸ் பரவாயில்லை’ என்று ஓர் உதிரிக் கட்சியும் உண்டு. எந்தப் பக்கம் டீக்காசு கொடுக்கிறார்களோ அந்தப் பக்கம் கூட்டணி வைக்கும். இந்தச் சண்டையைக் கேட்கிறவர்கள், ஒருவருக்கு மூளை பெரிது, மற்றவருக்கு மனசு பெரிது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. இரண்டு கட்சிக்கும் தலைமை அலுவலகம் ஒன்றுதான். கண் கலங்கியவர் லாஜிக் கேட்பதில்லை, கலங்காதவர்தான் கேட்கிறார். கல்யாண வீட்டில் தனக்குச் சரியாகப் பரிமாறப்படாதவர்தான் பந்தல்கால் கோணல் என்று கண்டுபிடிப்பார். பந்தல்கால் உண்மையாகவே கோணலாக இருக்கலாம். ஆனால் புகார் சாம்பாரைப் பற்றியது.

சரி, எது கலங்க வைக்கிறது? நம்மவர்கள் யாரைப் புதிதாகப் பார்த்தாலும் முதலில் தேடுவது முறையைத்தான். எந்த ஊர், யார் வீடு, நமக்கு என்ன வேணும் என்று மூன்று கேள்வி கேட்பதற்குள் எதிரே இருப்பவர் மாமாவோ மச்சானோ ஆகியிருப்பார். எந்திரத்துக்கும் வேற்றுக்கிரகவாசிக்கும் இதே விசாரணைதான். அது எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் பிறகு. முதலில் அது நமக்கு என்ன முறை? இதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சாட்சி 33 அடி உயரத்தில் நிற்கிறது. கீரமங்கலத்துக்குப் பக்கத்தில், குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரை. மாசிமகத்துக்குக் காகிதப்பூ மாலைகளைச் சுமந்துகொண்டு வேனும் லாரியும் வரிசைகட்டும். கழுத்தில் ஏறுகிற மாலை தரை வரை தொங்கும். அந்தக் குதிரைக்குப் புல் யார் போடுவது, லாடம் என்ன சைஸ் என்று லாஜிக் கட்சிக்காரர் வாய் திறக்க மாட்டார். அவர் வீட்டிலும் ஒரு மாலை நேர்ந்துகொண்டிருப்பார்கள். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்கிற பழமொழி வேறு ஊர்களில் எடுபடலாம்; எல்லைக்கு எல்லை அய்யனார் குதிரை நிற்கிற மாவட்டத்தில் அதைக் கொஞ்சம் குரலைத் தணித்துத்தான் சொல்ல வேண்டும். ராத்திரியில் ஊரைச் சுற்றி வந்து காவல் பார்க்கிற குதிரை அது. காவல் என்று முறை ஏற்பட்டுவிட்டது. கால் எப்படி அசைகிறது என்பது அய்யனார் பாடு.

சினிமாவிலும் இந்த மண்ணுக்குப் பழைய பாத்தியதை உண்டு. புதுக்கோட்டைக்காரரான பி. யு. சின்னப்பா நடித்து 1944இல் வந்த ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தில் ஒரே மேடையில் ஐந்து சின்னப்பாக்கள் உட்கார்ந்து கச்சேரி செய்வார்கள். பாடுவதும் அவர், பக்கவாத்தியமும் அவர். சம்பளப் பிரச்சினையே இல்லாத ஒரே கச்சேரி அதுவாகத்தான் இருக்கும். அந்தக் கதாநாயகன் இந்திரலோகம், நாகலோகம் என்று போய்வருவான். எதற்கு? பெண் எடுக்க. அமெரிக்கப் படத்தில் வேற்றுலகம் போகிறவன் கொடி நடப் போவான். நம்மவன் சம்பந்தம் பேசப் போவான். அறுபத்தாறு வருஷம் கழித்து வந்த ‘எந்திரன்’ (2010) கிளைமாக்ஸில் நூற்றுக்கணக்கான ரஜினிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பந்தாக உருண்டார்கள், பாம்பாக நெளிந்தார்கள். கிராபிக்ஸ் கட்சிக்கு அன்று தீபாவளி. ஆனால் அந்தப் படத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறவர்கள் பந்தைப் பற்றிப் பேசுவதில்லை. எரிகிற கட்டடத்துக்குள் புகுந்து ஒவ்வொருவராகத் தூக்கிவருகிற ரோபோ சிட்டி, குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கிவந்து கேமராக்கள் முன்னால் நிறுத்துமே, அதைப் பேசுகிறார்கள். உயிரைக் காப்பாற்றத் தெரிந்த எந்திரத்துக்கு மானம் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் பெண் கூசிப்போய் ஓடுகிறாள், வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். என்ன தப்பு நடந்தது என்றுகூட சிட்டிக்கு விளங்காது. பிறகு அதே சிட்டி ஒரு சிக்கலான பிரசவத்தில் பிள்ளையை உயிரோடு எடுத்துக் கொடுக்கும். மருத்துவச்சி முறையும் வந்தாயிற்று. அதன் பிறகு நீதிமன்ற உத்தரவுப்படி தன் கையையும் காலையும் தானே கழற்றி வைத்துக்கொண்டு எல்லோரிடமும் பேசி விடைபெறுகிறபோது, தியேட்டரில் அழுதது ரோபோவுக்காக அல்ல. வீட்டில் வளர்ந்த ஒரு பிள்ளைக்காக. அந்தப் படத்தின் வசனத்தில் பங்குள்ள எழுத்தாளர் சுஜாதாவுக்கு இந்த ரகசியம் முன்பே தெரியும். ‘என் இனிய இயந்திரா’வில் புத்தகம் படிக்கிற இரும்பை நாய்க்குட்டி உருவத்தில் செய்து, ஜீனோ என்று பெயரும் வைத்து நம் மடியில் விட்டவர் அல்லவா?

இங்கே லாஜிக் கட்சி எழுந்து நிற்கும். ‘அப்படியானால் ராக்கெட்டுக்குள் ஒரு அம்மா, ஒரு பிள்ளை, ஒரு தாலாட்டு என்று வைத்துவிட்டால் படம் ஜெயித்துவிடுமா?’ நியாயமான கேள்வி. ஜெயிக்காது. ‘டிக் டிக் டிக்’ (2018) படத்தில் விண்வெளிக்குப் போகிற அப்பாவைப் பிள்ளையைப் பணயம் வைத்து மிரட்டுவார்கள். அந்தப் பிள்ளையாக நடித்தது கதாநாயகன் ஜெயம் ரவியின் சொந்த மகன். முறைக்கு இதைவிட ஆதாரம் தாசில்தார்கூடக் கேட்க மாட்டார். இருந்தும் அந்தப் பதைப்பு விண்வெளியில் ஒட்டவில்லை. காரணம் எளிது. அந்த அப்பா விண்கலத்தில் போகாமல் அறந்தாங்கி டவுன் பஸ்ஸில் போயிருந்தாலும், பிள்ளையைக் கடத்தியவர்கள் போன் போட்டு மிரட்டினால் அதே பதைப்புத்தான் இருக்கும். டிக்கெட் செலவுதான் மிச்சம். எந்த அறிவியல் படத்தையும் இந்த டவுன் பஸ் சோதனையில் வைத்துப் பார்க்கலாம். அழுகையை அப்படியே தூக்கிப் பஸ்ஸில் வைத்தால் உட்காருகிறதா? உட்கார்ந்தால், அறிவியல் வெறும் சீரியல் பல்பு. உட்காராவிட்டால், அழுகை அந்த எந்திரத்தின் விதியிலிருந்தே பிறந்திருக்கிறது. மானம் தெரியாத ரோபோவை எந்தப் பஸ்ஸிலும் ஏற்ற முடியாது.

‘இன்டர்ஸ்டெல்லர்’ (2014) இந்தச் சோதனையில் முதல் மார்க் வாங்குகிறது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கிப் தோர்ன் பக்கத்திலிருந்து இயற்பியலைச் சரிபார்த்துக் கொடுத்த படம். லாஜிக் கட்சியின் குலதெய்வம். கருந்துளைக்குப் பக்கத்துக் கிரகம் ஒன்றில் ஒரு மணி நேரம் என்பது பூமியில் ஏழு வருஷம். அங்கே இறங்கிச் சிக்கித் தப்பி வருவதற்குள் பூமியில் இருபத்து மூன்று வருஷம் ஓடிவிடுகிறது. அப்பா உட்கார்ந்து, பிள்ளைகள் இத்தனை காலமாக அனுப்பிய வீடியோக்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறான். மகன் வளர்கிறான், கல்யாணம் ஆகிறது, பேரன் பிறக்கிறான், அந்தக் குழந்தை இறந்தும்போகிறது. அப்பன் வயது மட்டும் அப்படியே நிற்கிறது. லாஜிக் கட்சி மொத்தமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘சயின்ஸ் பெர்ஃபெக்ட்’ என்று சொல்வது இந்த இடத்தில்தான். சார்பியல் கொள்கை புரியாமல் எப்படி இதற்கு அழ முடியும் என்று சென்னைப் பக்கத்து விமர்சகர்கள் கவலைப்படுவதுண்டு. புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அந்தக் கவலை வேண்டாம். கோட்டைப்பட்டினம், மணமேல்குடி கடலோரத்திலிருந்து வளைகுடாவுக்கும், உள்ளூர்ப் பக்கமிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பிழைக்கப் போன குடும்பங்களில் இந்தக் கருந்துளைக் கணக்கு வாழ்க்கைக் கணக்கு. இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. விமான நிலையத்தில் மூன்று வயதுப் பிள்ளை அப்பாவைப் பார்த்து அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்ளும். போனில் தெரிகிற தலை மட்டும்தான் அதற்குப் பழக்கம், உடம்போடு வந்து நின்றால் பயம். வாங்கிவந்த சட்டை இரண்டு சைஸ் சின்னதாக இருக்கும். காலம் இடத்துக்கு இடம் மாறி ஓடும் என்பதை அந்தச் சட்டையைவிடச் சுருக்கமாக எந்தச் சமன்பாடும் சொல்லிவிட முடியாது.

‘உறவே இல்லாத படங்களையும் கொண்டாடுகிற ரசிகர்கள் இருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வீர்கள்?’ என்பது அடுத்த மறுப்பு. உலக சினிமா ரசிகரைச் சொல்கிறார்கள். பாட்டு கூடாது, சென்டிமென்ட் கூடாது, முடிந்தால் வசனமும் கூடாது என்கிற விரதக்காரர். அவருக்கு வேதம், ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ (1968). அதில் மனிதர்கள் வங்கி கவுன்ட்டரில் பேசுவதுபோலத்தான் பேசுவார்கள். யாருக்கும் யாரோடும் ஒட்டில்லை. ஆனால் விண்கலத்தை ஓட்டுகிற ஹால் என்கிற கணினி கொலைகாரனாக மாறியபின், அதன் நினைவுப் பகுதிகளை ஒவ்வொன்றாக உருவுகிற காட்சி இருக்கிறதே, விரதக்காரரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். கணினி பயப்படுகிறது, பேச்சு மெல்ல மெல்லக் குழறுகிறது, தனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்த பாட்டு ஒன்றைப் பாடுகிறது, குரல் இழுத்து இழுத்து அடங்குகிறது. விவரிக்கும்போதே அவர் குரலும் இறங்கும். படம் முழுக்க உயிருள்ள ஒரே ஜீவன் செத்துப்போகிறதே! நாற்பத்திரண்டு வருஷம் கழித்து சிட்டி தன்னைக் கழற்றியபோது விசிலடிக்கிற ரசிகர் அழுததும் இதே காட்சிக்குத்தான். ஒருவர் கணினியின் மரணத்துக்கு அழுதார், மற்றவர் ரோபோவின் மரணத்துக்கு அழுதார். ஒருவரை ஒருவர் ‘ரசனை கெட்டவன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். துக்க வீட்டில் ஒரே பாடையைத் தூக்கிக்கொண்டு சண்டை போடுகிற பங்காளிகள் மாதிரி.

கொஞ்சம் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. அறிவியலே தப்பு என்றால் அதிலிருந்து வருகிற கண்ணீரும் தப்புத்தானே? ‘2.0’ (2018) வெளியானபோது, செல்போன் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன என்று படம் தவறாகச் சொல்கிறது என்று தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியம் வரை புகார் கொண்டுபோனது. படம் சொல்கிற அளவுக்கு ஆதாரம் இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் பறவைகளுக்காகக் கெஞ்சி, யாரும் கேட்காமல், கடைசியில் செல்போன் கோபுரத்திலேயே தூக்கில் தொங்குகிற அந்தக் கிழவர் பக்ஷிராஜன் மனசைப் பிசைந்தார். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், வலசை வருகிற பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத மக்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கதிர்வீச்சின் அளவு எத்தனை என்று வாதாட முடியாது. அவர்களுக்குப் பறவை விருந்தாளி முறை. வெளியுலக அறிவியல் சரியா என்பதை விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்ளட்டும். கதை தனக்கு வகுத்துக்கொண்ட விதிக்குள் அந்தக் கிழவரின் துக்கம் பொருந்தியது. அதன் பிறகு படம் செய்த துரோகம் வேறு. கிழவரோடு முறை ஏற்பட்ட பிறகும் அவரை வில்லனாகவே நிறுத்தி, ஸ்டேடியத்தில் வைத்து ராட்சதச் சண்டை போட வைத்தார்கள். அழுத பெரியப்பாவை அடுத்த அரை மணியில் அடி வாங்க விட்டால் யாருக்கு விசிலடிக்க வாய் வரும்? ‘செகண்ட் ஹாஃப்ல லாஜிக் இல்ல’ என்று அன்று புகார் எழுந்தது. முதல் பாதியில் மட்டும் என்ன வாழ்ந்தது?

நேர்மையாக ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். சிரிப்புக்கு இந்த விதி கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. ‘இன்று நேற்று நாளை’ (2015) படத்தில் 2065இலிருந்து வந்த டைம் மெஷின் கிடைத்ததும் நம் ஆட்கள் உலகத்தைத் திருத்தப் போவதில்லை. தொலைந்துபோன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற ஜோசிய வியாபாரம் ஆரம்பிக்கிறார்கள். அழுகை அதிகம் இல்லை, ஆனால் ஒரு குறையும் தெரியவில்லை. பிழைப்பு என்பதும் ஒரு முறைதான் என்று சொல்லித் தப்பிக்கலாம். ‘மார்க் ஆண்டனி’யில் (2023) பழைய காலத்துக்குப் பேசுகிற டெலிபோன் வருகிறது. தியேட்டர் முழுக்கச் சிரித்தது. அந்தப் போனில் மகன், இறந்துபோன அம்மாவின் குரலைக் கேட்கிற இடத்தில் மட்டும் சிரிப்பு நின்றது. அந்த அழைப்பை எந்த டவர் எடுத்தது என்று கேட்கிற ஆளை நான் இன்னும் கேள்விப்படவில்லை.

இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தவர்கள் பூமிக்காரர்களே இல்லை. 1963இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து ஏ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’யில், வேற்றுக்கிரகத்திலிருந்து பறக்கும் தட்டில் வருகிறார்கள். அவர்களிடம் அறிவியல் மிதமிஞ்சி இருக்கிறது; பாட்டுத்தான் இல்லை. தண்ணீருக்கோ தங்கத்துக்கோ வரவில்லை, ஒரு பாடகியைத் தூக்கிப்போக வந்திருக்கிறார்கள். கொஞ்சம் விசாரித்திருந்தால் அவர்களுக்கு வேலை சுலபமாகியிருக்கும். புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் குடுமியான்மலையில், ஏழு ராகங்களுக்கான ஸ்வரங்களைக் கிரந்த எழுத்தில் வெட்டிய கல்வெட்டு ஆயிரத்து முந்நூறு வருஷமாகப் பாறையில் கிடக்கிறது. காவல் கெடுபிடி இல்லை, எம்.ஜி.ஆர். துரத்திவருகிற தொல்லை இல்லை. தட்டை இறக்கி, இசையின் மொத்த லாஜிக்கையும் படியெடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் கல்லைக் கொண்டுபோனால் அங்கே யார் பாடுவது? பானுமதியைத்தான் தூக்கினார்கள்.