ஆடு நொண்டி என்று ஆட்டுக்காரனே சொன்ன கதை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, டல்லாஸ் பக்கத்திலிருந்து மச்சான் எழுதுவது.

ஆனையூர் வீட்டுக்குச் சொத்து வரி ஏறிவிட்டதென்று நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். பில் கலெக்டரை நீங்கள் வைத வசவில் என் போன் சூடாகிவிட்டது. 2011-ல் ஆனையூரை மதுரை மாநகராட்சியோடு சேர்த்தபோது தெருவுக்கே இனிப்புக் கொடுத்தவர் நீங்கள்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது என்று பெருமையடித்துக்கொண்டுதானே விமானம் ஏறினேன். அதையெல்லாம் வீட்டின் தலையில் கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஒரு வரி, நம்மூர் மாவட்டம் மாதிரியான கவுண்டிக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று. கூட்டிப் பார்த்தால் வருஷத்துக்கு வீட்டு மதிப்பில் 2 சதவீதம் பக்கம் வந்துவிடும். ஜனவரி 1 அன்று உன் வீட்டின் சந்தை விலை இவ்வளவு என்று ஏப்ரலில் தபால் வருகிறது. அந்தத் தொகையைப் பார்த்து உங்கள் அக்கா ஒரு நிமிஷம் பூரித்துப் போனாள். வரி எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் முகம் மாறியது.

ஆட்சேபம் இருந்தால் மே 15-க்குள், இல்லையென்றால் தபால் போட்ட 30 நாளுக்குள், எது பிந்தியதோ அதற்குள் மனுப் போடலாம். முதலில் மதிப்பீட்டு அதிகாரியோடு பேச்சுவார்த்தை. படியவில்லையென்றால் உள்ளூர்வாசிகள் உட்கார்ந்திருக்கும் மறுஆய்வுக் குழுவின் முன்னால் சத்தியம் செய்துவிட்டு வாதாட வேண்டும்.

திருமங்கலம் ஆட்டுச்சந்தையில் விற்கிறவன் புகழுவான், வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்த்துக் குறை சொல்லுவான். இங்கே ஆட்டுக்காரனே தன் ஆடு நொண்டி என்று நிரூபிக்க வேண்டும். கிரகப்பிரவேசத்தன்று படம் படமாக அனுப்பினேனே, அதே வீட்டின் அஸ்திவார விரிசலையும் ஒழுகும் கூரையையும் படம் பிடித்து, ரிப்பேர் கொட்டேஷனோடு கொடுத்தேன். அந்த விரிசல் படங்களை அம்மா கண்ணில் மட்டும் காட்டிவிடாதீர்கள். மகன் அரண்மனை வாங்கியிருக்கிறான் என்று அது தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறது.

உண்மையில் விரிசலைவிட எடுபட்டது அக்கம்பக்கத்துக் கணக்குதான். நம்முடையதைப் போன்ற வீடுகளுக்குக் குறைவாக மதிப்புப் போட்டிருந்தால், அதையே காரணமாகக் காட்டலாம் என்று இங்கே சட்டம் இருக்கிறது. விற்ற விலையை வைத்து வாதாடுவது கஷ்டம். வீட்டை என்ன விலைக்கு விற்றோம் என்று அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமே டெக்சாஸில் இல்லை. நம்மூர்ப் பத்திர ஆபீஸில் வழிகாட்டி மதிப்பைச் சொல்லிவிட்டு மீதியை முழுங்குவார்கள். இங்கே சட்டப்படியே முழுங்கலாம். எப்படியோ, மதிப்பைக் கொஞ்சம் இறக்கிவிட்டார்கள். என் வீடு மட்டம் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டதற்கு விருந்து வைத்தவன் நானாகத்தான் இருப்பேன்.

உங்கள் வழக்கு வேறு. நம்மூரில் சந்தை விலையைப் பார்ப்பதில்லை. சதுர அடி, எந்தப் பகுதி, குடியிருப்பா வணிகமா, கட்டடத்தின் வயது, இவைதான் கணக்கு. அதனால் விரிசலைக் காட்டி அழுது பிரயோஜனமில்லை, டேப்பை எடுங்கள். 2022-ல் சொத்து வரியை உயர்த்தியபோது குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. உங்கள் வீடு 1,200-ஐ ஒட்டித்தானே இருக்கிறது? ஓர் அடி கூடுதலாக எழுதியிருந்தாலும் அடுத்த படிக்குப் போய்விடும். தங்கச்சி முன்னறையில் தையல் மெஷின் போட்டிருப்பது ‘வணிகம்’ ஆகிவிட்டதா என்றும் பாருங்கள்.

‘ஆளைப் பிடித்துக் குறைத்துவிடலாம்’ என்று எவனாவது வந்தால் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள். மதுரை மாநகராட்சியில் வரியைக் குறைத்துப் போட்ட விவகாரம் 2025-ல் வெடித்து, கைதுகள் நடந்து, மண்டலத் தலைவர்கள் ஐந்து பேரும் பதவி விலகி, அக்டோபரில் மேயரும் விலகியதை நீங்கள்தானே எனக்கு வரி விடாமல் சொன்னீர்கள்.

மனுவை ஆணையாளர் பெயருக்கு எழுதி, அளவுக் கணக்கையும் பழைய ரசீதையும் இணைத்து, மாநகராட்சி அலுவலகமான அண்ணா மாளிகையில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் படியிறங்காதீர்கள். மனுப் போட்டாச்சே என்று வரியை நிறுத்தியும் வைக்காதீர்கள். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு.

இப்படிக்கு,
மச்சான்