முதல் குற்றவாளி முருகன்

சாதிச் சங்கத் தலைவர்கள் சொல்லும் 'நாடகக் காதலு'க்கு முழு இலக்கணம் வேண்டுமென்றால் வள்ளிமலைக்குத்தான் போக வேண்டும். தினைப்புனம் காத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் ஒருவன் வேடன் வேஷத்தில் வந்தான். அவள் வீட்டு ஆட்கள் வரும் சத்தம் கேட்டதும் வேங்கை மரமாய் நின்றான். அப்புறம் தொண்டு கிழவனாகித் தேனும் தினைமாவும் வாங்கித் தின்றான். அதற்கும் மசியவில்லை என்றதும் அண்ணனை யானையாக வரவழைத்துப் பெண்ணை மிரட்டினான். ஆள்மாறாட்டம், கூட்டுச்சதி, கடைசியில் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டம். ஏ1 முருகன், ஏ2 பிள்ளையார். தலித் இளைஞர்கள் போட்டுக்கொண்டு பெண்களை மயக்குவதாக அந்தத் தலைவர்கள் 2012இல் மேடை மேடையாகத் திட்டித் தீர்த்தார்களே, அந்த ஜீன்ஸும் கூலிங் கிளாஸும்தான் பாக்கி.

இந்தக் குற்றத்துக்குத்தான் ஊர் ஊராகத் திருக்கல்யாணம் நடத்துகிறோம். மொய் எழுதுகிறோம். தடைப்பட்ட கல்யாணம் கூடிவரட்டும் என்று மகளையும் கூட்டிப்போய் முன்வரிசையில் நிறுத்துகிறோம். அவளும் கண்ணை மூடி வேண்டிக்கொள்கிறாள். யாரை நினைத்து என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், வீடு தாங்காது.

கொங்கு நாட்டு வள்ளி கும்மியும் இதே கதையைத்தான் பாடுகிறது. பெண்களையும் சேர்த்து ஆடப் பழக்கிய முதியவர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது, சந்தோஷம். ஆனால் வேறொரு கும்மி மேடையில், சொந்தச் சாதியில்தான் கட்டிக்கொள்வோம் என்று பெண்பிள்ளைகளைச் சத்தியம் செய்யவைத்த காணொளி ஒன்றும் ஊரெல்லாம் சுற்றியது. குறவர் குடியில் வளர்ந்தவள் தேவர் குலத்தானோடு போன கதையைக் கும்மியடித்துப் பாடுகிற மேடையில், அவளைப் போல் செய்யமாட்டேன் என்று ஒரு சத்தியம்! இந்தக் கலைத்திறனுக்குப் பத்மஸ்ரீ போதாது, பாரத ரத்னாவே தரலாம்.

சிரித்தது போதும். திருச்செங்கோட்டு மலையில் இருப்பவர் அர்த்தநாரீசுவரர். தன் உடம்பிலேயே பாதியைப் பெண்ணுக்குக் கொடுத்தவர். 2015 ஜூன் 23 அன்று அவர் சன்னிதிக்குக் கூடப் படித்த பெண்ணோடு வந்த தலித் இளைஞர் ஒருவரை ஒரு கும்பல் கடத்திக்கொண்டு போனது. மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. கோவில் கேமராவின் பதிவு வழக்கில் முக்கியச் சாட்சியானது. சாதியைக் காப்பாற்றக் கிளம்பியவர்களுக்குச் சாமி பார்க்கிறதே என்ற பயம் துளியும் இல்லை. கேமரா பார்க்கும் என்பதைக்கூட யோசிக்கவில்லை.

உடுமலைப்பேட்டையில் 2016இல் பட்டப்பகலில், பஸ் நிலையம் பக்கத்தில், அத்தனை பேர் கண்ணெதிரில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட இருவரை வெட்டினார்கள். விருத்தாசலம் பக்கத்தில் 2003இல் நடந்தது இன்னும் கொடுமை. ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட இருவருக்கும் பெண் வீட்டாரே விஷம் புகட்டி, உடல்களை எரித்தார்கள். ஊர் வேடிக்கை பார்த்தது. வழக்கை மாற்றி எழுதிய போலீஸ்காரர்களும் குற்றவாளிகள் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்ய 2025 ஆகிவிட்டது. காதலுக்கு ஒரே ராத்திரியில் தீர்ப்பு எழுதிவிடுகிற நாட்டில் கொலைக்கு 22 வருஷம்!

ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் புத்திமதிக் கடை திறக்கிறார்கள். "அறிவோடு நடந்துக்கணும் கண்ணு, பெத்தவங்க மனசு நோகாம இருக்கணும்." வெட்டியவனுக்கு யாராவது புத்தி சொல்லிக் கேட்டதுண்டா? அவனுக்கு மாலை போடுகிறார்கள், வக்கீல் வைக்கிறார்கள். தலைவர்கள் தொகுதியின் சாதிக் கணக்கைப் பார்த்துவிட்டு, துக்கத்தை ஒரு வரி அறிக்கையில் அடக்குகிறார்கள். மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும், பாதுகாப்பு இல்லம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இலேயே சொன்னதை, ஓடிவரும் பிள்ளைகள் எந்தக் கதவைத் தட்டித் தெரிந்துகொள்வார்கள்? அரசாங்கம் தன் பங்குக்கு 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தை வைத்திருக்கிறது. மணமக்களின் பெயரையும் விலாசத்தையும் பலகையில் ஒட்டி 30 நாள் காத்திருக்கச் சொல்கிறது. அரிவாளுக்குச் சாணை பிடிக்க அவ்வளவு நாள் எதற்கு?

வள்ளியின் அப்பன் நம்பிராஜனும் ஆயுதத்தோடுதான் துரத்தி வந்தான். அங்கே விழுந்தது காதலித்தவர்கள் இல்லை, துரத்தியவர்கள். மகள்தான் அவர்களை உயிரோடு எழுப்பினாள். எழுந்தவன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பந்தல் போட்டு, மகள் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தான். கும்மி மேடைக்காரர்கள் இனி சத்தியம் வாங்குவதானால் பெண்பிள்ளைகளை விட்டுவிட்டு, முன்வரிசையில் வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருக்கும் அப்பன்மாரை மேடையேற்றி வாங்கட்டும்.