மகிழ்ச்சி: தினமும் 45 நிமிடம்

2018 ஜூலையில் டெல்லி அரசுப் பள்ளிகளின் கால அட்டவணையில் ஒரு புதுப் பீரியட் முளைத்தது: மகிழ்ச்சி. தலாய் லாமா தொடங்கிவைத்தார். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை தினமும் 45 நிமிடம். தேர்வு கிடையாது, மகிழ்ச்சிக்கு வேறென்ன வேண்டும்?

பிள்ளைகள் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தார்கள். டீச்சரும் மூடியிருக்கிறாரா என்று ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்க்க எந்த வகுப்பிலும் ஒருவன் இருந்திருப்பான். அப்புறம் ஒரு கதை; கோபத்தையும் பொறாமையையும் என்ன செய்வது என்று பேச்சு. மணி அடித்ததும் கணக்குப் பாடம்.

2020 பிப்ரவரியில் இந்த வகுப்பைப் பார்க்க மெலானியா டிரம்ப் வந்தார். திட்டத்தைக் கொண்டுவந்த அன்றைய முதல்வர் கேஜ்ரிவாலும் அன்றைய கல்வி அமைச்சர் சிசோடியாவும் விருந்தினர் பட்டியலில் இல்லை.

பொறாமைப் பாடத்தை எட்டாம் வகுப்போடு நிறுத்தியது கொஞ்சம் அவசரம்தான்.