‘பேனல் போய்விட்டது’ என்னும் சித்தாந்தத்தைக் காத்தருள ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
உயர்திரு பொறுப்பாளர் அவர்கள்,
உத்தரவாதம் முடிந்த தொலைக்காட்சிகளின் சேவை மையம்.

பொருள்: வீடுகளில் பெருகிவரும் பழுதுபார்ப்பைத் தடுத்தருள வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

பழைய எல்சிடி பெட்டியில் எவ்விதப் பழுது நேர்ந்தாலும், பின்மூடியைக் கழற்றாமலே, ‘பேனல் போய்விட்டது’ என்னும் இரண்டே சொற்களில் நோயையும் மருந்தையும் செலவையும் ஒருங்கே அறிவித்துவிடும் தங்கள் மையத்தின் புலமை போற்றுதற்குரியது. பேனல் என்பது படம் தெரியும் திரவப் படிகக் கண்ணாடித் தகடு; அதை மாற்றும் செலவு புதுப்பெட்டியின் விலையை நெருங்குவதும், வாடிக்கையாளர் புதுப்பெட்டியையே வாங்கிச் செல்வதும் தற்செயல் என்றே கொள்ளத்தக்கவை.

இத்தகைய புலமைக்கு இப்போது ஒரு டார்ச் விளக்கால் இடையூறு நேர்ந்துள்ளது. திரவப் படிகம் தானாக ஒளிர்வதில்லை, பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை விடுவதும் மறைப்பதுமே அதன் வேலை என்பதால், ஒலி மட்டும் கேட்டு இருண்டு கிடக்கும் திரைமீது விளக்கணைத்த அறையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால், மங்கலாகப் படம் ஓடுவது தெரிந்துவிடுகிறது. தெரிந்தால் பேனல் உயிரோடிருக்கிறது என்றும், கெட்டது பின்வெளிச்சமோ அதற்கு மின்சாரம் தரும் பலகையோதான் என்றும் வீட்டார் முடிவுகட்டுகின்றனர். படம் இரண்டு நொடி தோன்றி அணைந்தால், பின்னிருக்கும் மெல்லிய குழல் விளக்குகளுக்காக மின்னழுத்தத்தைப் பல நூறு வோல்ட்டாக உயர்த்தும் ‘இன்வெர்ட்டர்’ சுற்று, கோளாறு கண்டு தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கலாம் என்றுகூட ஐயுறத் தொடங்கிவிட்டனர்.

மூடியைத் திறந்தபின் நிலைமை மேலும் கெடுகிறது. கடைவீதியில் ‘கண்டென்சர்’ எனப்படும் மின்தேக்கிகள், மின்சாரத்தைத் தேக்கி அதன் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்பவை. உள்ளிருக்கும் நீர்மம் ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் கெட்டு வாயுவாகும்போது அவற்றின் தலை பூரிபோல் உப்பிவிடுவதால், நோயாளி யார் என்று குழந்தையும் சுட்டிக்காட்டிவிடும். அதே மைக்ரோஃபாரட் அளவும், அதே அல்லது சற்றுக் கூடிய வோல்ட் அளவும், 105 டிகிரி தாங்கும் திறனும் உள்ள ஒன்றைச் சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்கு வாங்கி, எதிர்முனைக் கோட்டைச் சரிபார்த்துப் பற்றவைத்துவிட்டால், இறந்ததாகத் தாங்கள் சான்றளித்த பெட்டி மாலைச் செய்தியை வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. 230 வோல்ட் வீட்டு மின்சாரம் நேராக்கப்பட்டு ஏறத்தாழ 325 வோல்ட்டாகத் தேங்கும் பெரிய மின்தேக்கி, பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கடிக்கக் காத்திருக்கும் என்பது ஒன்றே தங்கள் தரப்புக்கு ஆறுதல்; அதையும் தகுந்த மின்தடை வழியே வடித்து, மீட்டரால் அளந்த பிறகே கைவைக்கும் அளவுக்குச் சிலர் தேர்ந்துவிட்டனர்.

கண்ணாடி விரிசல் விட்டாலோ, விளிம்பில் ஒட்டிய மென்சுற்று நாடா விலகி நெடுங்கோடுகள் விழுந்தாலோ தங்கள் தீர்ப்பு மெய்யாகவே பலித்துவிடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழும் நாட்கள் அவை.

ஐரோப்பிய ஒன்றியமோ 2021 மார்ச் முதல், திரைகளுக்கான மின்வழங்கி, மின்தேக்கி முதலிய உதிரிபாகங்கள், அம்மாதிரியின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்தபின் குறைந்தது 7 ஆண்டுகள் கிடைக்க வேண்டும் என்று விதித்துத் தவறான முன்னுதாரணம் காட்டியுள்ளது. அக்காற்று இங்கும் வீசுமுன், திருகுகளை ஒழித்து மூடிகளைப் பசையால் ஒட்டவும், டார்ச் விளக்கு வாங்குவோரிடம் காரணம் கேட்டெழுதவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது.

இப்படிக்கு,
பேனல் போன பெட்டியில் இன்றும் படம் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்தார்.

இணைப்பு: உப்பிய கண்டென்சர், 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் – 2.