அரிக்காது அண்ணாச்சி

மார்கழி முடிகிற நேரத்தில் திருநெல்வேலிப் பக்கம் எந்தச் சந்தைக்குப் போனாலும் தக்காளி ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். கிழங்குக்குத்தான் ராஜமரியாதை. சேனை, சேம்பு, பிடிகருணை, சிறுகிழங்கு, காவள்ளி, சர்க்கரைவள்ளி, மஞ்சள் குலைக்குப் பக்கத்தில் கட்டுக்கட்டாகப் பனங்கிழங்கு. மகள் வீட்டுக்குக் கொடுக்கும் பொங்கல்படியில் இவை குறைந்தால் சம்பந்தி வீட்டில் அடுத்த பொங்கல்வரை பேச்சு ஓடும்.

மற்ற காய்களைச் சோதித்து வாங்கலாம். வெண்டைக்காய்க்கு நுனியை ஒடிக்கலாம். கத்தரிக்காயில் ஓட்டை தெரியும். மண்ணைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சேனையை என்ன செய்வது? கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

“அரிக்குமா அண்ணாச்சி?”

“அரிக்கவே அரிக்காது. பச்சையாவே திங்கலாம்.”

“ஒரு துண்டு தின்னு காட்டுங்களேன்.”

“நான் இன்னைக்கு விரதம்லா.”

சேனைக்குள் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதாக அறிவியல் சொல்கிறது. அண்ணாச்சிக்கும் இது தெரிந்திருக்கும். பக்கத்திலேயே அரிப்பை அடக்கும் புளியையும் விற்கிறாரே.

சிறுகிழங்கு அரிக்காது, ஆனால் ஆளைப் பழிவாங்கும். தோலெடுக்க ஈரச் சாக்கில் போட்டுத் தரையில் தேய்க்க வேண்டும். பொங்கலுக்கு முந்தின நாள் வீட்டு ஆண்களுக்கு ஒதுக்கப்படும் ஒரே சமையல் வேலை இது. ஒரு கிலோவைத் தேய்த்து முடிக்கையில் கிழங்கும் பாதியாகியிருக்கும், இடுப்பும் பாதியாகியிருக்கும்.

இந்தக் கூட்டத்தில் உருளைக்கிழங்குக்கு மட்டும் இடமில்லை. கேட்டால், “அது இங்கிலீஷ் காய், படையலுக்கு ஆகாது” என்பார் என் மாமியார். தென்னமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்ததுதான் உருளை, மறுப்பதற்கில்லை. ஆனால் சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதானே? அது எப்படியோ பெயரை மாற்றி, நெற்றியில் மஞ்சளும் பூசி, வாழையிலையில் ஏறிவிட்டது. பனங்கிழங்கோ தாவரவியல்படி கிழங்கே இல்லை. புதைத்த பனங்கொட்டை மண்ணுக்குள் விடும் முளை. அதை யாரும் விசாரிப்பதில்லை. மரவள்ளியின் கதை வேறு: 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாளே முன்னின்று அதைப் பயிரிடச் செய்தார். ராஜா சிபாரிசு செய்தால் எந்த நாட்டுக் கிழங்கும் நம்மூர்க் கிழங்குதான்.

பொங்கலன்று சேனை புளிக்குழம்பில் கொதிக்கும். அரித்ததா இல்லையா என்பது தின்ற பிறகே தெரியவரும் என்பதால், மாமியார் வீட்டில் முதல் இலை எப்போதும் மாப்பிள்ளைக்குத்தான். நான் இரண்டு வாய் சாப்பிட்டுத் தொண்டையைச் செருமாமல் இருந்தால், மச்சினன்மார் ஒவ்வொருவராக வந்து உட்காருவார்கள்.