பூட்டியவனிடமே சாவி வாங்குவதா?

கேள்வி: மால்வேர், வைரஸ், ரேன்சம்வேர் எல்லாம் ஒன்றுதானா?
– வாசகி, நற்பிட்டிமுனை

பதில்: கெடுதல் செய்யும் எல்லா மென்பொருளுக்கும் பொதுப்பெயர் மால்வேர். அதில் வைரஸ், கோப்புகளில் ஒட்டிக்கொண்டு பரவும். ரேன்சம்வேர், உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டு உங்களிடமே சாவிக்கு விலை பேசும். காசு கொடுத்தாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் முகில் சேவையே இப்படித் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவை மீண்டது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. அந்தக் காலத்துக்குப் பேக்கப் இருக்கவில்லை. பழைய மென்பொருளைப் புதுப்பிக்காமல் ஓட்டியதும் வினையானது. அப்டேட் கேட்டால் 'பிறகு' என்று தட்டாதீர்கள், தங்கச்சி.

கேள்வி: பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கைக் கணினியில் செருகியே வைக்கலாமா?
– மாணவர், கல்முனை

பதில்: வேண்டாம் தம்பி. செருகியிருந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்தே பூட்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில்: இதுதான் கணக்கு. 2004 சுனாமியைக் கண்ட கரைக்கு 'வேறிடம்' ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்டால்?
– குடும்பத்தலைவி, நற்பிட்டிமுனை

பதில்: கேட்பதே போதும், அது வங்கி இல்லை என்பதற்கு! போனை வையுங்கள். வங்கி அட்டையின் பின்புறமுள்ள இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். நாட்டின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 என்ற இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.